சுட்டெடுத்த மணல்

எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால், வாயகன்ற சின்னக் கண்ணாடி பாட்டில் ஒன்று இருக்கிறது. பாதிக்கும் குறைவாக அதில் மணல். லேசாகச் செங்கல் நிறம் ஏறிய மணல்; சாய்த்தால் ஒட்டாமல் உருளும்; வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே ஒன்றிரண்டு துகள்கள் மினுக்கும். என் மகள் தவழத் தொடங்குவதற்கு முன்பிருந்தே அது அங்கே இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அலமாரிச் சாமான்களை யார் யாரோ இறக்கினார்கள். இதை மட்டும் நானே இறக்கி நானே ஏற்றினேன். மூடியைத் திறந்ததில்லை. நேற்று சரஸ்வதி பூஜைக்காகத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் ஸ்டூலில் ஏறி அதை எடுத்துவிட்டாள். "இது சர்க்கரையாம்மா?" என்றாள். மணல் என்றேன். "மணலைப் பருப்புகூட வெச்சிருக்கே. நான் மணல்ல வெளையாண்டா மட்டும் கை கழுவு, கை கழுவுங்கறே" என்றாள். பாட்டிலை வாங்கி வைத்தேன். அவள் விளையாடப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அதை எனக்குக் கொடுத்தவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.

அவரை எல்லோரும் கெமிஸ்ட் அம்மா என்பார்கள். நான் மட்டும் கெமிஸ்ட் அக்கா என்பேன். திருச்சி டவுன் வீடுகளின் சாக்கடை நீர் குழாய்கள் வழியே சேர்ந்து ஊருக்கு வெளியே ஓரிடத்தில் வந்து விழும். அங்கே அதைத் தொட்டிகளில் தெளியவைத்துப் பக்கத்திலிருந்த புல் வயல்களுக்குப் பாய்ச்சுவார்கள். அந்த வளாகத்தின் ஒரு மூலையில், ஓடு போட்ட கட்டடத்தில், பரிசோதனைக் கூடம். எழுபதுகளின் கடைசியில், வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு, தற்காலிக உதவியாளராக நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். 'லேப்ல வேலை' என்று மட்டும்தான் அப்பா உறவுக்காரர்களிடம் சொல்வார். எதைப் பரிசோதிக்கும் லேப் என்று யாராவது துருவினால், 'தண்ணி' என்பார். அது பொய்யில்லை.

அக்கா என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். மேலப்புதூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. பள்ளி ஆசிரியராக இருந்த அப்பா காலமாகிவிட்டார், தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கல்யாணப் பேச்சு வரும், போகும். "பொண்ணு எங்க வேலை பாக்குதுன்னு கேக்கறாங்க. சொன்னதும் காபிய வெச்சிட்டு எந்திரிச்சிடறாங்க. நல்லதாப் போச்சு, பலகாரம் மிச்சம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பலகாரத்தையே டப்பாவில் கொண்டுவந்து எனக்குத் தருவார். சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாடு எனக்கு உள்ளே இறங்காது. காற்று வயல் பக்கமிருந்து வீசினால் டப்பாவை மூடிவிடுவேன். அவரோ ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மீன் குழம்பு சாப்பிடுவார். "நாம மோந்து பாக்கற நாத்தத்துக்கு நமக்கு மோட்சத்துல மல்லிப்பூவுலதான் மெத்தை போட்டு வெச்சிருப்பாங்க. சாப்பிடுடி" என்பார். எப்போது முதல் சாப்பிட ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. ஒரு நாள் அவர் டப்பாவிலிருந்து நானே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சாக்கடை நீர் உள்ளே வந்ததும் முதலில் நுழையும் இடம் இரண்டு நீண்ட வாய்க்கால்கள். மணல் வாய்க்கால் என்போம். அப்போதெல்லாம் டவுனில் பாதி வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது ஆற்று மணலில்தான். வாசல் கழுவினால் கோலத்துக் கல்மாவு போகும், மழை பெய்தால் தெருமண் போகும். எல்லாம் வந்து அந்த வாய்க்காலில் அடியில் தங்கவேண்டும். தண்ணீர் வேகமாக ஓடினால் மணல் தங்காது. அடுத்த தொட்டிக்குப் போய் அதன் வயிற்றை நிரப்பும். பம்பின் இரும்பை அரைத்துத் தேய்க்கும். இடமில்லாத தொட்டியிலிருந்து நீர் தெளியாமலேயே வயலுக்குப் போகும். மெதுவாக ஓடினாலோ மணலோடு சோற்றுப் பருக்கையும் மலமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடியில் உட்காரும். அப்படி அள்ளும் மணல் கறுத்துப்போய் நாறும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது; கனமானது கீழே இறங்க, இலேசானது மேலோடு போய்விட. புத்தகத்தில் அதற்கு எண் உண்டு. அக்கா ஒருமுறை வாய்க்கால் கரையில் ஒரு காய்ந்த இலையைப் போட்டுவிட்டு அதோடு கூடவே நடந்து காட்டினார். "தூங்கற புள்ளையத் தோள்ல போட்டுட்டு ஒருத்தி நடப்பாளே, அந்த நடை. அவ்ளோதான்" என்றார். அப்போது எங்கள் இருவருக்குமே பிள்ளை இல்லை.

நீர் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று பார்க்கக் கூம்பு மாதிரியான ஒரு கண்ணாடிக் கலன் உண்டு. அதில் நீரை நிரப்பி ஒரு மணி நேரம் அசையாமல் நிறுத்தவேண்டும். அடியில் படிவதை அளந்து எழுதவேண்டும். எனக்கு அந்த ஒரு மணி நேரம் பெரும்பாடு. சரியாக நிரப்பினோமா, நிரப்புமுன் கலக்கினோமா, மேஜை ஆடிவிட்டதா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒரு தரம் சந்தேகத்தில் பாதியில் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "நிக்க விடுடி. நீ பாக்கலைன்னாலும் அது படியும்" என்றார். வீட்டிலும் பஸ்ஸிலும் கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா என்று நினைத்து நினைத்துத் திரும்பிப் பார்க்கிற சுபாவம் எனக்கு. எதைச் செய்தாலும் அதைச் சரியாகத்தான் செய்தேனா என்று இன்னொரு முறை கேட்டுக்கொள்வேன். அந்தக் கூடத்தில் மட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. சந்தேகமாக இருந்தால் நிறுத்திப் பார்க்கலாம், எடை போடலாம், சுட்டுப் பார்க்கலாம். அந்த நிம்மதியைத்தான் நான் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். அடையவளஞ்சான் வீதியில் வீடு. கணவருக்கு டவுனில் அலுவலகம். மாமியார் மண்ணச்சநல்லூர்க்காரர், அரிசி மில்களுக்கு நடுவில் வளர்ந்தவர். வேலைக்குப் போகாதே என்று அவர் சொன்னதில்லை. ஆனால் எங்கே போகிறேன் என்பது அவருக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. நான் திரும்பி வந்ததும் கொல்லையில் வெந்நீர் வைத்திருப்பார். குளித்துப் புடவை மாற்றிய பிறகுதான் உள்ளே. மகள் பிறந்த பிறகு இது இன்னும் கெட்டியானது. எனக்கும் அதில் வருத்தமில்லை. நகக்கண்கள் எரியும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்குவேன். பிரசவ விடுப்பு முடிந்து ஆடி பிறந்த வாரத்தில் நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். ஆவணியில் என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு வந்துவிடும், அதுவரை இடைவெளி விழாமல் வா என்று அக்கா சொல்லியிருந்தார். அதற்காக அலுவலகத்தில் அவர் எத்தனை பேரிடம் பேசினார் என்பது எனக்குத் தெரியும். என் ஸ்டூலை யாரும் எடுத்துவிடாமல் அதன்மேல் தன் பையை வைத்திருந்தாராம்.

அந்த ஆடியில் காவிரி நிறைய வந்தது. பாலத்தில் பஸ் போகும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்வார்கள். கோடையெல்லாம் வெளுத்துக் கிடந்த மணல் திட்டுகள் ஒன்றும் தெரியவில்லை. கரைக்குக் கரை செந்நிற நீர். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

குழந்தைக்கு அந்த வாரத்திலேயே வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. தாய்ப்பாலோடு பசும்பாலும் பாலாடையில் புகட்டிக்கொண்டிருந்தோம். முதல் நாள் பல் முளைக்கிற கோளாறு என்றார்கள். அடுத்த நாள் அவள் அழுவதைக்கூட நிறுத்திவிட்டாள். கண்கள் குழிந்து, வாய் உலர்ந்து, தோளில் போட்டால் துணி மாதிரிக் கிடந்தாள். டவுன் டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னார், மருந்து எழுதித் தந்தார், நல்லவேளை சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றார். அந்த 'நல்லவேளை' என்னை உலுக்கிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். பாலாடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, "நான் ஒண்ணும் சொல்லல. நீ படிச்சவ. அந்தத் தண்ணில கைய வெச்சிட்டு வந்து புள்ளையத் தொடற. எனக்குத் தோணிச்சு, சொன்னேன்" என்றார். கணவர், "டாக்டர் அப்பிடி எதுவும் சொல்லலையேம்மா" என்றார். "டாக்டருக்கு இவ எங்க வேலை பாக்கறான்னு சொன்னியா?" என்றார் மாமியார். கணவர் என்னைப் பார்த்தார். டாக்டரிடம் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏனென்றால் மாமியார் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். சோப்பு போதவில்லையோ, தலைமுடியில் ஒட்டிவந்ததோ, டப்பாப் பையை உள்ளே கொண்டுவந்தேனோ. குழந்தை மெல்லத் தேறத் தொடங்கியும் நான் வேலைக்குப் போகவில்லை. வேலையை விட்டுவிடுவதாகக் கணவரிடம் சொன்னேன். "அவசரப்படாத" என்றார். இப்போதும் அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு அக்கா வந்துவிட்டார். கையில் ஆரஞ்சுப் பழங்கள். மாமியார் வாசலுக்கு வந்து, "கொல்லைப் பக்கமா வந்து கால் கழுவிட்டு உள்ள வாங்க" என்றார். எனக்கு முகம் சுருங்கியது. அக்கா சாதாரணமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, "அது சரிங்கம்மா, சாக்கடைக்காரிய வேற எப்பிடி வரவேற்பாங்க?" என்று சிரித்துக்கொண்டே சந்து வழியாகக் கொல்லைக்கு நடந்தார். மாமியாருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். அழுதுகொண்டே, என் கையால்தான் எல்லாம், இனிமேல் வரமாட்டேன் என்று சொன்னேன். அக்கா காலில் நீரை ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார். குழாயடியில் பாத்திரம் தேய்க்கும் கல்லின் மேல் ஒரு கொட்டாங்கச்சி. அதில் தேங்காய் நாரும் தேய்க்கிற மணலும். பக்கத்தில் தேய்த்துக் கவிழ்த்த பால் பாத்திரமும் பாலாடையும். அக்கா குந்தி உட்கார்ந்து மணலை விரலில் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் தேய்த்தார்.

"இது ஏது?"

"ஆத்து மணல்தான். வாராவாரம் கூடைல ஒரு அம்மா கொண்டாருவாங்க" என்றார் பின்னால் நின்ற மாமியார். "முன்னெல்லாம் எங்க ஊர்லேர்ந்து உமிச்சாம்பல் வரும். இப்ப யாரு தூக்கிட்டு வரா?"

"ஆத்துலதான் ஆளு உசரத்துக்குத் தண்ணி போவுதேங்கம்மா. மணலை எங்கேர்ந்து எடுத்தாங்க?"

அக்கா கைக்குட்டையில் அந்த மணலை முடிந்துகொண்டு, "நாளைக்கு லேப்புக்கு வா. வேலைக்கு வேணாம், சும்மா வா. கண்ணால பாரு" என்றார். பிறகு நன்றாகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே வந்து குழந்தையின் பாதத்தை மட்டும் தொட்டுப் பார்த்தார். காபியை மாமியார் எந்த டம்ளரில் கொடுப்பார் என்று எனக்கு ஒரே தவிப்பு. வீட்டு டம்ளரில்தான் கொடுத்தார்.

கணவர் மறுநாள் லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். நான் போனேன். அக்கா இரண்டு சின்னப் பீங்கான் கிண்ணங்களை எடுத்தார். ஒன்றில் எங்கள் வீட்டு மணல். இன்னொன்றில், ஒப்பிட்டுப் பார்க்க அவர் கோடையில் கொண்டுவந்து வைத்திருந்த காவிரி மணல். இரண்டையும் காயவைத்து எடை போட்டு மின் உலைக்குள் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கூடமெங்கும் தலைமுடி கருகும் நாற்றம். உலையின் கதவைப் பாதி திறந்து காட்டினார். வெறும் மணல் எரியாது; காவிரி மணல் வைத்தபடியே கிடந்தது. எங்கள் வீட்டு மணல் கறுத்து, மேலே மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. அதில் தேய்த்த பாலாடைதானே குழந்தையின் வாய்க்குப் போனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பாத்துக்க. இது நம்ம வாய்க்கா மணலு. உன் கை இல்ல" என்றார்.

மணல் கொண்டுவரும் அம்மாவை அந்த வாரமே வாசலில் பிடித்து விசாரித்தோம். அவர் எதையும் மறைக்கவில்லை. "ஆத்துல தண்ணி ஏறிடுச்சும்மா. மணலுக்கு நான் எங்க போறது? வாடிக்கைய விட்டா வேற ஆளு வந்துடும். அங்க புல்லு வயலுக்கிட்ட மதிலு ஓரமா மலையாட்டம் கொட்டி வெச்சிருக்கு, கேக்க நாதியில்ல. மேலாப்ல காஞ்சத வழிச்சேன். பாத்தா ஆத்து மணல்தானே?" என்றார். அது சாக்கடையில் அள்ளிய மணல் என்று தெரிந்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டார். "எங்க வூட்லயும் அதுலதாம்மா தேய்க்கறேன். பேரப்புள்ள இருக்கு" என்றார். அதன்பின் நாங்கள் யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விதத்தில் அது ஆற்று மணல்தான். எல்லார் வீட்டு அடுக்களையிலிருந்தும் நாமே சாக்கடைக்கு அனுப்பிய காவிரி மணல், வெயிலில் காய்ந்து வெளுத்து, கூடையில் ஏறி, மறுபடியும் அடுக்களைக்கு வந்திருந்தது.

அந்தக் குவியல் ஏன் மலையாட்டம் உயர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும். நான் சேர்ந்த புதிதில் இரண்டு வாய்க்காலில் ஒன்று மட்டுமே திறந்திருக்கும், அதுவும் பாதி தூர்ந்துபோய். நீர் விரைந்து ஓடி மணலெல்லாம் உள்ளே போய் பம்ப் ஒன்று பழுதாகிவிட்டது. வயலுக்குப் போகும் நீர் கலங்கலாகவே இருந்தது. பிறகு வந்த அதிகாரி தூர்வாரி, இரண்டு வாய்க்காலையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னார். நீர் தேங்கினாற்போல் நகர்ந்தது. வண்டி வண்டியாக மணல் வந்தது. அவருக்கு மகிழ்ச்சி. அது தப்பு என்று அக்கா ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார். எங்கள் வீட்டு மணலைச் சுட்ட கையோடு, கறுத்த கிண்ணத்தை அக்கா அப்படியே எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போய் வாசலில் நின்றேன்.

"மணல் நிறைய எடுக்கறோம்மா. எடுக்கறது தப்பா?" என்றார் அதிகாரி.

"இது மணல் இல்ல சார். பாதி சோறு."

"சோறா?"

"சோறுன்னு மரியாதையாச் சொல்றேன்."

அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அக்கா அதை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார். "இது ஒரு வீட்டு அடுப்படியிலேர்ந்து வந்தது சார். அந்த வீட்டுப் புள்ள பொழைச்சிக்கிச்சு" என்றார். அதிகாரி கெட்ட மனிதரில்லை. வாசலில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த மாதத்திலிருந்து ஒரு வாய்க்காலில் மட்டும் நீர் போயிற்று. மற்றதை வற்றவிட்டு அள்ளினார்கள். அள்ளிய மணலை நல்ல நீரில் அலசினார்கள். குவியலைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். கூம்பில் நிறுத்திய நீர் அதற்குப் பிறகு எவ்வளவு தெளிந்தது என்று நான் பார்க்கவில்லை. அக்கா சொல்லித்தான் தெரியும். அடியில் படிவது குறைந்துவிட்டது, மேலே இருக்கிற நீருக்கு அந்தப் பக்கம் கையைப் பிடித்தால் ரேகை தெரிகிறது என்றார்.

அதைச் சொன்னது அவர் இரண்டாம் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது. ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தை தேறிவிட்டாள்; அக்காவின் மடியில் உட்கார்ந்து அவர் கழுத்துச் சங்கிலியின் சிலுவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மாமியார், இந்த முறை கால் கழுவச் சொல்லாமல், முறுக்கு கொண்டுவந்து வைத்தார். தேய்க்கிற மணல், அதைச் சுட்ட நாளோடு எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. மண்ணச்சநல்லூரிலிருந்து மூட்டையில் உமிச்சாம்பல் வந்திருந்தது. அதைத் தூக்கி வந்தவர் மாமியாரேதான். என்னிடம் அவர் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று அக்கா கேட்கும் முன்பே, "போறதுன்னா போகட்டும். புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா முகமெல்லாம் மலர்ந்து, "உத்தரவே கெடைச்சிடுச்சு. திங்கக்கிழமை வந்துடு" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று சொன்னது இதுதான்: "என் கை இல்லைன்னு தெரிஞ்சிடுச்சுக்கா. அடுத்த தடவை எதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அக்காவுக்கு அது புரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. புரியாமல் கோபித்துக்கொண்டிருந்தால் நான்கூட ஒருவேளை மனம் மாறியிருப்பேன். என் கைதான் காரணம் என்றிருந்தவரை பயத்துக்கு ஓர் இடம் இருந்தது; கையைக் கழுவினால் போதும். கை இல்லை என்று ஆனதும் அது வீடு முழுக்கப் பரவிவிட்டது. பால், குடிநீர்ப் பானை, தரை, வாசலில் வரும் கூடை என்று எதைப் பார்த்தாலும் சந்தேகம். அவற்றைவிட்டு பஸ் ஏறிப் போக என்னால் முடியவில்லை. மணல்தான் காரணம் என்பதைக்கூட யாரும் சத்தியம் பண்ணிச் சொல்லமுடியாது என்று டாக்டர் சொன்னார். கைக்குழந்தைகளுக்கு எத்தனையோ காரணம் இருக்கும் என்றார். அது வேறு.

அக்கா நெடுநேரம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து அந்த பாட்டிலை எடுத்தார். "உங்க வீட்டு மணல்தான். கறுப்பு போற வரைக்கும் திரும்பத் திரும்பச் சுட்டேன். கழுவி மறுபடியும் சுட்டேன். திருச்சி ஜில்லாவுல இதவிடச் சுத்தமா ஒண்ணு கெடையாது. வெச்சுக்க" என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த ஸ்டூல்ல என் பைதான் இருக்கும். வர்றவ நின்னுக்கிட்டே வேல பாக்கட்டும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தெரு முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெகு மெதுவாகத்தான் நடந்தார்.

அதன்பின் ஒரு முறை போய்ப் பார்த்தேன். என் இடத்தில் வேறொரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், அக்காவின் பை மேஜை மேல் இருந்தது. அதில் வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை. அடுத்த கோடையில் அக்காவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்ததாகக் கேள்விப்பட்டேன். மேலப்புதூர் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். தம்பிக்கு வேலை கிடைத்து எல்லோரும் போய்விட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்ன ஊரில் அவர் இல்லை. இப்போதும் பாலத்தில் பஸ் போகும்போது, காவிரியில் நீர் ஏறி மணல் திட்டுகள் மறைந்திருந்தால், யாரோ அவசரமாக எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது போல இருக்கும். எல்லோருக்கும் அது சந்தோஷமான காட்சி. எனக்கு மட்டும் உடனே அவரைப் பார்க்கவேண்டும் போலிருக்கும். பார்த்து என்ன கேட்பேன் என்று தெரியவில்லை. பாலைக் காய்ச்சினேன், ஆனால் போதுமான நேரம் காய்ச்சினேனா என்று கேட்பேனோ என்னவோ. நிக்க விடுடி என்பார்.

இன்று விஜயதசமி. மகளை அடுத்த வாரம் பள்ளியில் சேர்க்கிறோம். தட்டில் பரப்பி முதல் எழுத்து எழுதவைக்க மாமியார் மண்ணச்சநல்லூர் நெல் எடுத்து வைத்திருந்தார். காலையில் அதில் எழுதவைத்துப் பார்த்தோம். நெல் விரலுக்கு நெகிழ்ந்து கொடுக்காமல் எழுத்து உடைந்து உடைந்து போயிற்று. மகளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்துபோய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பாட்டிலை எடுத்தேன். மூடி இறுகியிருந்தது. திறந்ததும், நினைக்காமலே, மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு வாசனையும் இல்லை. மறுபடியும் முகர்ந்தேன். ஒன்றுமில்லை.

பித்தளைத் தட்டில் கொட்டிப் பரப்பினேன். மாமியார் அது என்ன மணல் என்பதைப் பார்த்தவுடன் கண்டுகொண்டார். பிறகு தட்டை மகளின் பக்கமாகத் தானே நகர்த்தி வைத்தார். மகள் விரலை வைத்து வேகமாக இழுத்தாள், மணல் சிதறியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா" என்றேன். ரொம்ப மெதுவாக இழுத்தாள். விரல் புதைந்து நின்றுவிட்டது. "அவ்ளோ மெதுவா இல்ல. உன்னத் தோள்ல போட்டுட்டு நடப்பேனே, அந்த மாதிரி" என்றேன். அவளுக்கு அது எப்படியோ புரிந்தது. விரல் வளைந்து, சுழித்து, இறங்கியது. அகரம் கோணலாக, ஆனால் உடையாமல், தட்டில் நின்றது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழுதி முடித்ததும் மகள் வழக்கம்போல இரண்டு கைகளையும் விரித்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கை கழுவணுமாம்மா?"

"வேண்டாம்" என்றேன்.